நடப்பது என்ன என்று கேட்டவர்களுக்கு

நான் பெண்பிள்ளைகளுக்கு வாள் பழக்குவதை வேலிக்கு மேலால் எடுத்து இணையத்தில் போட்ட அந்த வீடியோவைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தும் விட்டேன். இன்று காலை சந்தையில் மீன் வெட்டித் தருகிற ஐயா கத்தியை என் பக்கம் நீட்டி, "பிள்ளை, நீங்களே வெட்டுறியளோ?" என்று கேட்டுச் சிரித்தார். பகிடிதான். அவரில் எனக்குக் கோபமில்லை. ஆனால் கதை மீன் சந்தைவரை போய்விட்ட பிறகு நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்து என்ன பயன்?

முதல் விசயம், அந்த வாள் நைலோன். வாள் மாதிரி வார்த்தெடுத்த நைலோன். அதால் ஒரு வெண்டிக்காய்கூட வெட்ட முடியாது.

"யாழில் வாள்களுடன் இளம் பெண்கள்! நடப்பது என்ன?" என்று தலைப்புப் போட்ட தம்பிக்கு, நடப்பது இதுதான். சனிக்கிழமை காலை ஏழு மணி. கோண்டாவிலில் சித்தி வீட்டு மாமரத்துக்குக் கீழே எட்டுப் பெண்பிள்ளைகள், ஆறு நைலோன் வாள், கம்பிவலை போட்ட முகக்கவசம் நான்கு. முதல் ஒரு மணித்தியாலம் தற்பாதுகாப்பு, அடுத்த அரை மணித்தியாலம் வாள். முடிந்ததும் சித்தி கரைத்துத் தருகிற தேசிக்காய்த் தண்ணீர். காசு வாங்குவதில்லை. படலை திறந்துதான் இருந்தது தம்பி, உள்ளே வந்து கேட்டிருந்தால் உங்களுக்கும் ஒரு கிளாஸ் கிடைத்திருக்கும். வேலிக்கு மேலால் போனை நீட்டி, பதினான்கு வயதுப் பிள்ளையின் முகத்தைக்கூட மறைக்காமல் போட்டது ஊடக தர்மம். நாங்கள் பழகியது கலாசாரச் சீரழிவு. சரி.

ஒரு விசயத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வாள்வெட்டுக் கும்பல்களைக் கண்ட இந்த ஊரில் வாள் என்ற சொல்லுக்கே வயிறு கலங்கும். இரவில் இரண்டு மூன்று மோட்டார் சைக்கிள் சேர்ந்து வந்தால் லைட்டை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்திருந்த ஆட்கள் நாங்களும்தான். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டின் கேற்றில் வெட்டு விழுந்த தடம் பெயின்ற் அடித்த பிறகும் தெரிகிறது. அதனால் "பார்த்தவுடனே பதறிப்போனேன்" என்று எழுதிய அக்காவோடு எனக்கு வாக்குவாதம் இல்லை. அவர் பதறியது நியாயம். ஆனால் தலைப்புப் போட்டவருக்கு அது நைலோன் என்று தெரியும். வீடியோவில் நானே சொல்வது கேட்கிறது. அந்த இடத்தை வெட்டிவிட்டுத்தான் போட்டிருக்கிறார். இந்த ஊரின் பயத்தை வைத்து அவர் லைக் சேர்த்தார், அவ்வளவுதான்.

இனி, "தற்பாதுகாப்பு என்றால் ஓகே, வாள் என்னத்துக்கு?" கிட்டத்தட்ட எல்லாரும் கேட்டது இதைத்தான். நல்ல மனதோடு கேட்டவர்களும் உண்டு.

எனக்குப் பிடிக்கும். அதனால்தான்.

இந்தப் பதிலைச் சொன்னால் யாருக்கும் போதவில்லை. "இல்லை, உண்மையான காரணத்தைச் சொல்லுங்கோ" என்கிறார்கள். முற்றவெளியில் கிரிக்கெட் விளையாடுகிற பெடியனிடம் துடுப்பு என்னத்துக்கு, கள்ளன் வந்தால் அடிக்கவா என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா? அவனுக்குப் பிடிக்கும் என்பது போதும். ஒரு பெண் வீட்டை விட்டு வெளியே போய் எதையாவது பழகுவதென்றால் மட்டும் அவளுக்குப் பயம் இருக்க வேண்டும். பயம் என்று சொன்னால் விடுவீர்கள். ஆசை என்று சொன்னால் விடமாட்டீர்கள்.

ஜேர்மனியில் படித்த இரண்டு வருடத்தில் பல்கலைக்கழக விளையாட்டு வகுப்புப் பட்டியலில் இதைக் கண்டு, குளிர்காலத்தில் அறைக்குள் அடைந்து கிடக்க முடியாமல்தான் போனேன். பழைய ஐரோப்பிய வாள்வித்தை. அறுநூறு வருடத்துக்கு முந்தைய சுவடிகளை வாசித்து, அதில் இருப்பதை உடம்பால் செய்து பார்ப்பார்கள். லீக்டனாவர் என்று ஒரு ஆசான், தன் வித்தையை வெளியாருக்கு விளங்காதபடி பாட்டாகக் கட்டி வைத்திருக்கிறார். எங்கள் சித்தர் பாட்டுப் போலத்தான், சொல் ஒன்று, பொருள் ஒன்று. வாள் பிடித்து நிற்கும் நான்கு நிலைகளில் ஒன்றின் பெயர் எருது, ஒன்று கலப்பை. தோட்டக்காரனின் பேத்தி நான், கேட்டதும் சிரித்துவிட்டேன். இன்னொன்றின் பெயர் முட்டாள். வாள் நுனியை நிலத்துக்குத் தாழ்த்தி, தலையையும் நெஞ்சையும் திறந்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல நிற்பது. எதிரில் நிற்பவர் நம்பி உள்ளே வந்தால் அவர் கதை முடிந்தது. இப்போது எனக்கு மிகப் பிடித்த நிலை அதுதான்.

இருகை வாள் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. பெரிய தண்ணீர்ப் போத்தல் ஒன்றின் பாரம். "பொம்பிளையள் தூக்குவினமோ?" என்று கேட்ட அண்ணாவுக்காகச் சொல்கிறேன், உங்கள் வீட்டில் தண்ணீர்க் குடத்தை யார் தூக்குகிறார்கள்? எனக்கு முதல் மாதம் பழக்கத்துக்குத் துணை நின்றவர் அறுபது வயது தாண்டிய ஓய்வுபெற்ற ஆசிரியை. முழங்கால் வருத்தம் வேறு. ஒரு அடி வீணாக நகரமாட்டார். வாளும் வாளும் தொட்டு நிற்கிற கணத்தில் நான் அழுத்துகிறேனா, தளர்கிறேனா என்பது அவர் கைக்குத் தெரியும். நான் அழுத்தினால் விட்டுக்கொடுத்து மறுபக்கத்தால் வருவார், தளர்ந்தால் நேரே வருவார். "மன்னிக்கவும்" என்று சொல்லிச் சொல்லியே என் தலையில் தட்டுவார். வலுவுக்கு வேலை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் காதுகேட்கும் கைக்கு முன்னால் வெறும் வலு விசர் ஆட்டம்தான்.

"பெண்கள் செய்கிற காரியமா இது?" இங்கிலாந்தில் லீட்ஸ் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ எழுநூறு வருடப் பழைய சுவடி ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் கிடைத்த வாள்வித்தைச் சுவடிகளில் அதுதான் மிகப் பழையது. பாதிரியார் ஒருவர் மாணவனுக்குப் பழக்குகிற படங்கள். கடைசிப் பக்கங்களில் பாதிரியாருக்கு எதிரே நிற்பது ஒரு பெண். வால்பூர்கிஸ் என்று பெயரே எழுதியிருக்கிறது. அவளைப் பார்த்து யாரும் "நடப்பது என்ன?" என்று எழுதி வைக்கவில்லை.

"இவவைக் கட்டுறவன் பாவம்" என்று கவலைப்பட்ட உறவுகளுக்கும் ஒரு தகவல். தல்ஹோஃபர் என்ற ஆசானின் 1467 ஆம் ஆண்டுச் சுவடியில் ஆணும் பெண்ணும் பொருதுகிற படங்கள் உண்டு. சண்டை சமமாக இருக்கவேண்டும் என்று ஆணை இடுப்பளவு குழிக்குள் இறக்கிவிட்டு, கையில் ஒரு தடி. பெண்ணுக்கு வெளியே நின்று துணியில் கல்லை முடிந்து சுழற்ற அனுமதி. கட்டுகிறவர் பயப்பட வேண்டாம், கோண்டாவில் மண்ணில் குழி வெட்டுவது லேசில்லை.

அப்புறம், "வெள்ளைக்காரன் வித்தை என்னத்துக்கு, எங்கட சிலம்பம் இருக்குதானே?" இருக்கிறது. அருமையான கலை. இரண்டுக்கும் உயிர் தூரமும் காலடியும்தான். ஆனால் இதை எழுதிய ஏழெட்டுப் பேரில் எத்தனை பேர் தங்கள் மகளைச் சிலம்பத்துக்கு விட்டிருக்கிறீர்கள்? கையை உயர்த்துங்கள் பார்ப்போம். 2021 இல் சென்னைப் பிள்ளை பவானி தேவி வாள்சண்டையில் ஒலிம்பிக்குக்குப் போன முதல் இந்தியராக டோக்கியோவில் நின்று முதல் ஆட்டத்தை 15-3 என்று வென்றபோது, "தமிழச்சிடா" என்று போட்ட பதிவுகள் உங்கள் பக்கங்களில் இன்னும் இருக்கின்றன. நேற்றுப் போய்ப் பார்த்தேன். முத்திரைச் சந்திச் சிலையில் சங்கிலிய மன்னனும் வாளோடுதான் குதிரையில் இருக்கிறார். அவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

சரி, நீங்கள் ஓகே சொன்ன தற்பாதுகாப்புக்கு வருவோம். அதையாவது முழுதாக ஓகே சொன்னீர்களா?

முதல் வகுப்பில் குரல் எடுக்கத்தான் பழக்கினேன். கையைப் பிடித்தால் பெருவிரல் பக்கமாக இழுத்துக் கழற்ற வேண்டும், பிடியில் இடைவெளி இருப்பது அங்கேதான். அதைப் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள். சத்தம்தான் வரவில்லை. "தள்ளி நில்!" என்று கத்தச் சொன்னேன். ஒரு பிள்ளை கையை முன்னே நீட்டி, முகம் சிவந்து, மெதுவாகச் சொன்னாள்: "அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, பிளீஸ்." எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு நான் வீட்டில் தனியே இருந்து அழுதேன், அது வேறு கதை. தன் கையைப் பிடித்து இழுக்கிறவனுக்குக்கூட மரியாதை குறையாமல் பேச அந்தப் பிள்ளையை யார் பழக்கியது? அரை மணித்தியாலம் கழித்து எட்டுப் பேரும் சேர்ந்து "எடடா கையை!" என்று கத்தியபோது பக்கத்து வீட்டு அம்மம்மா தும்புத்தடியோடு படலையடிக்கு ஓடி வந்துவிட்டார். அன்றைக்கு அங்கே நின்றவர்களில் ஒழுங்காக நின்றவர் அவர்தான்.

இதையும் சொல்லிவிடுகிறேன், சொன்னால் "பார், பழகியும் பிரயோசனமில்லை" என்பீர்கள், சொல்லுங்கள். திரும்பி வந்த வருடம் பருத்தித்துறை பஸ்ஸில் ஒரு கை என் இடுப்பில் பட்டது. இரண்டு வருடம் வாள் பிடித்த நான், அசையாமல் நின்றேன். நெல்லியடிவரை நின்றேன். பையில் குத்தியிருந்த ஊசியைக்கூடக் கழற்றவில்லை. வாள் பஸ்ஸில் உதவாது. அது எனக்குத் தெரியாதென்றா நினைக்கிறீர்கள்? எல்லா நேரமும் உதவுவதற்காக நான் அதைப் பிடிக்கவில்லை என்றுதானே தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பதினேழு வயதில் ரியூசன் முடிந்து சைக்கிளில் வரும்போது ஒருவன் இரண்டு கிழமை பின்னால் வந்தான். வீட்டில் சொன்னேன். ரியூசன் நின்றது. அவன் நிற்கவில்லை, அடுத்த மாதம் வேறொரு பிள்ளைக்குப் பின்னால் போனதைக் கண்டேன். அப்போது ஒழுங்கையில் யாரும் "நடப்பது என்ன?" என்று கேட்கவில்லை. இன்றைக்கும் வேலிக்கு மேலால் படம் எடுத்தவர் சுகமாக இருக்கிறார். வகுப்பை விட்டுப் போனது மூன்று பிள்ளைகள்.

அதில் ஒரு பிள்ளையின் அம்மா என்னோடு ஒன்றாகப் படித்தவள். என் கொப்பியைப் பார்த்துக் கணக்குச் செய்தவள். இரவு ஒன்பதரைக்குப் போன் எடுத்து, "கோவிக்காதையடி, அவரின்ர வீட்டு ஆக்கள் எல்லாம் வீடியோவைப் பாத்திட்டினம்" என்றாள். நான் "பரவாயில்லையடி" என்றேன். எனக்கும் குரல் வரவில்லை, பார்த்தீர்களா.

பிள்ளை விட்டுப்போன கையுறை ஒன்று மாமரக் கொப்பில் காய்கிறது. சித்தி எடுக்கவேண்டாம் என்கிறார்.

சனிக்கிழமை வகுப்பு இருக்கிறது, ஏழு மணிக்கு. இதுவரை ஆறு வாளை எட்டுப் பேர் மாறி மாறிப் பிடித்தோம். இந்தக் கிழமை முதன்முதலாக ஆளுக்கொரு வாள் கிடைக்கும். ஒன்று மிச்சம்.