முக்திநாத் போக பாஸ்போர்ட்டில் முத்திரை தேவையா?

"சுனௌலியில் பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்காமல் நேபாளம் போனால் திரும்பும்போது அபராதம்." நேபாளத்தில் இருக்கும் முக்திநாத் கோயிலுக்கு யாத்திரை கிளம்பும் டெல்லித் தமிழர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றும் செய்தி இது. சுனௌலி, இந்தியப் பக்கம் உள்ள எல்லை ஊர். தவறு.

இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் செல்ல விசா வேண்டாம். தரைவழியில் கடக்கும்போது முத்திரையும் குத்துவதில்லை. விமானத்தில் போனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கட்டாயம். பலர் சறுக்குவது இங்கேதான்: வெறும் ஆதாரைக் காட்டினால் போர்டிங் பாஸ் கிடைக்காது. 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் இருப்பவர்களுக்கு மட்டும் ஆதார் செல்லும்.

குழப்பம் வண்டியால் வந்திருக்கலாம். சொந்தக் காரில் போனால் நேபாளச் சுங்கத்தில் 'பன்சார்' சீட்டு போட வேண்டும். அதற்கு நாள் கணக்கு உண்டு. தாண்டினால் அபராதம் வண்டிக்குத்தான்.

முத்திரை உண்மையிலேயே வேண்டியது வெளிநாட்டு பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அப்படித்தான். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற மகன் கூட வந்தால், இந்தியக் குடிவரவு அலுவலகத்தில் வெளியேறும் முத்திரை, பிறகு அந்தப் பக்கம் பெலஹியாவில் நேபாள விசா. பஸ் நிற்காமல் தாண்டிவிடும், டிரைவரிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

காத்மாண்டு இந்தியத் தூதரக இணையதளத்தில் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.