ஒரு குழல் பிட்டு

(மட்டக்களப்பு, கல்லடிப் பழைய பாலம். மாலை ஐந்தரை மணி. அத்தான் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டு எட்டு மாதங்களாகின்றன. குளிசை வேண்டாம், உணவாலும் நடையாலும் அடக்கிக் காட்டுகிறேன் என்று வைத்தியரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். உடன் நடப்பவர் அவருடைய மனைவியின் தம்பி; காவலுக்கு வருபவர் என்றும் சொல்லலாம்.)

மச்சான்: வெறும் வயிற்றுச் சீனி 112 என்று வந்திருக்கிறதே அத்தான், பிறகு ஏன் முகம் வாடிப்போயிருக்கிறது?

அத்தான்: அதே தாளின் அடியில், கடந்த சில மாதச் சீனியைக் காட்டிக்கொடுக்கும் எச்பிஏ1சி 7.9 என்று கூடுதலாகவும் அடித்திருக்கிறார்கள். பரிசோதனைக்கு முன் மூன்று நாளும் வல்லாரைச் சம்பலையும் அவித்த மீனையும் தவிர வேறெதையும் தொடாமல் நான் கிடந்த கிடை அவர்களுக்குத் தெரியாது.

மச்சான்: அந்த மூன்று நாளுக்குத்தான் 112 கிடைத்தது. எச்பிஏ1சி பார்ப்பதோ செங்குருதிக் கலத்தில் ஒட்டிய சீனியை; அந்தக் கலம் ஏறத்தாழ 120 நாள் உயிர் வாழும். அந்தக் காலத்துக்குள் நீங்கள் குடித்த சீனித் தேநீரும், மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்குப் போய் ஒளித்து நின்று தின்ற தொதல் இனிப்பும் அதில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

அத்தான்: மூன்று நான்கு மாதத்துக் குற்றத்தை மறக்காமல் வைத்திருந்து ஒரே நாளில் எடுத்துச் சொல்கிறதென்றால், அது உன் அக்காவின் இரத்தமாக இருக்க வேண்டும்.

மச்சான்: காலையில் பிட்டு எத்தனை குழல்?

அத்தான்: ஒன்று. மூன்றை ஒன்றாக்கும்படி வைத்தியர் சொன்னார், ஆக்கிவிட்டேன்.

மச்சான்: குழலின் நீளத்தையும் அவரிடம் சொன்னீர்களா? போன மாதம் முழ நீளத்தில் மூங்கிற் குழல் ஒன்று வெட்டுவித்தீர்களாம். பானையின்மேல் அது கொடிக்கம்பம் போல நிற்கிறதென்றும், ஆவி நுனிவரை ஏறுவதற்குள் இரண்டு தேங்காய் துருவி முடிக்கலாமென்றும் அக்கா அழாக்குறையாகச் சொன்னார்.

அத்தான்: உள்ளே இருப்பது குரக்கன் மாவு.

மச்சான்: குரக்கனில் நார் கொஞ்சம் கூட, அவ்வளவுதான், மாவுச்சத்தில் அது அரிசிக்கு இளைத்ததில்லை. சாப்பாட்டுக் கோப்பையில் பாதிக்குக் கீரையும் மரக்கறியும், காற்பங்குக்கு மீன், மிச்சக் காற்பங்குக்குள் பிட்டோ சோறோ அடங்க வேண்டும். உங்கள் குழலைக் கிடத்தினால் கோப்பைக்கு வெளியே இருபுறமும் நீட்டிக்கொண்டு நிற்கும்.

(இவ்விடத்தில் அத்தான் வாவிப் பக்கம் திரும்பி, அதில் பாடுவதாகப் பேர்பெற்ற மீன்களைப் பற்றிப் பேச்செடுத்தார். பதில் இல்லாத வேளையில் மட்டக்களப்பாருக்கு அந்த மீன்கள் எப்போதும் கைகொடுக்கும். இன்று கொடுக்கவில்லை.)

அத்தான்: சரி, கிழமைக்கு 150 நிமிட நடை என்கிறார்கள். அதை ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் நடந்து தீர்த்துவிட்டு, மற்ற ஆறு நாளும் ஆறியிருக்கலாமே?

மச்சான்: நடக்கும்போது தசை இரத்தத்திலுள்ள சீனியை இழுத்து எரிக்கிறது, அந்த உசார் ஓரிரு நாளில் அடங்கிவிடும் என்பதால்தான் இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்து விடக்கூடாது என்கிறார்கள். சாப்பிட்ட பின் பத்து நிமிடம் நடந்தாலும் சீனி ஏறும் வேகம் குறையும்.

அத்தான்: நான் சாப்பிட்ட பின் நடந்தால் இந்தப் பாலம் தாங்குமா?

மச்சான்: 1924 ஆம் ஆண்டிலிருந்து பஸ்ஸையும் லொறியையும் சுமந்து களைத்து, 2013 இல் பக்கத்தில் புதுப்பாலம் வந்த பிறகே இது மூச்சு விட்டது, உங்களையும் தாங்கும். சீனியை அடக்கும் இன்சுலினைச் சுரக்கிற கணையத்தை நினைத்துப் பாருங்கள், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று கட்ட முடியாது.

(சிறிது தூரம் பேச்சில்லை.)

மச்சான்: வலக்கையை ஏன் வீசாமல் நடக்கிறீர்கள்? அந்தப் பைக்குள் என்ன?

அத்தான்: பாரம் தூக்குவதும் சீனிக்கு நல்லதென்று நீதானே சொன்னாய்.

மச்சான்: (பையை விரித்து) கடதாசியால் மூடி நூல் கட்டிய எருமைத் தயிர்ச் சட்டி!

அத்தான்: அதில் சீனி போடவில்லை. நீயே ருசி பார்.

மச்சான்: இனிப்புப் பாணி ஊற்றாதவரை குற்றமில்லை, அதுவும் ஒரு சின்னக் கிண்ணத்துக்கு. பாணி எங்கே?

அத்தான்: இடப்பக்கக் காற்சட்டைப் பையில். ஒரு பக்கம் மட்டும் பாரம் தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும் என்றும் நீதானே சொன்னாய், மச்சான்.