முதலில் கேளுங்கள், அப்புறம் கட்டுங்கள்

மூன்று நாளாக அந்த வீடியோ என்னைத் தூங்கவிடவில்லை. நீங்களும் பார்த்திருப்பீர்கள். குடும்ப வாட்ஸப் குழு, பாலிடெக்னிக் நண்பர்கள் குழு, தெருக் குழு என்று எனக்கே ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள். நெடுஞ்சாலையிலிருந்து வண்டி ஏற அனுமதி இல்லாமல் போட்ட மேட்டை வெட்ட, ஒரு புது கல்யாண மண்டபத்தின் வாசலில் ஜேசிபி நிற்கிறது. நெடுஞ்சாலைத் துறையின் இளம் பெண் பொறியாளர் ஒருவர் கையில் ஃபைலோடு நிற்கிறார். சுற்றி இருபது ஆண்கள் கத்துகிறார்கள். மேலே பெரிய எழுத்தில் "கல்யாணத்தை நிறுத்த வந்த அதிகாரி".

கல்யாணம் எதுவும் நிற்கவில்லை. குறித்த முகூர்த்தத்தில் அதே மண்டபத்தில் நடந்தது. பின்பக்கம் ஊராட்சிச் சாலை இருக்கிறது, அந்த வழியாக வண்டிகள் போய் வந்தன. அந்தச் சாலையில் பள்ளத்துக்கெல்லாம் கிராவல் போட்டு வண்டி போகிற மாதிரி செய்து கொடுத்தது, வீடியோவில் திட்டு வாங்கும் அதே பெண்தான். இதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

நெடுஞ்சாலைத் துறையில் 33 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பாதிக்கு மேல் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம்தான். பணியில் இருந்தவரை இதையெல்லாம் வெளியில் பேச முடியாது. இப்போது பேசலாம். அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம்தான் ஒன்றரை வருடம் இருந்தார். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் கண்டுபிடித்த மாதிரி எழுத வேண்டாம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நெடுஞ்சாலையில் உங்கள் நிலத்துக்கு அப்ரோச், அதாவது வண்டி ஏறி இறங்குகிற வழி, வேண்டுமென்றால் முதலில் கேளுங்கள், அப்புறம் கட்டுங்கள். இந்த மண்டபத்துக்காரர் முதலில் கட்டினார். பெயின்ட் அடித்தார், சீரியல் விளக்கு போட்டார், முன்பணம் வாங்கினார். கடைசியில்தான் மனு கொடுத்தார். நடுவில் இரண்டு நோட்டீஸ் போயிருக்கிறது. ஒன்றை வாங்க மறுத்ததால் கதவில் ஒட்டிவிட்டு வந்தார்கள்.

"என் பட்டா நிலம், என் வாசல், இவர்கள் யார் கேட்க" என்று வீடியோவில் ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி மாதிரி இருக்கிறது. பட்டா உங்கள் வேலியோடு முடிந்துவிடுகிறது. வேலிக்கும் தாருக்கும் நடுவில் இருக்கிற மண், அந்தப் பள்ளம், அந்த வடிகால் எல்லாம் சாலையைச் சேர்ந்தவை. தேசிய நெடுஞ்சாலை என்றால் 2002-ம் ஆண்டுச் சட்டமே தெளிவாகச் சொல்கிறது, அனுமதி இல்லாமல் வாகனத்தோடு ஏறி இறங்க யாருக்கும் உரிமை கிடையாது. மாநிலச் சாலைகளுக்குத் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001 இருக்கிறது. நேற்று ராத்திரி அந்தப் பெண் உட்கார்ந்து எழுதிய விதி இல்லை இது.

சரி, சட்டத்தை விடுங்கள். தண்ணீரைப் பற்றிப் பேசுவோம். டெல்டாக்காரர்களுக்குத் தண்ணீரைச் சொன்னால்தான் புரியும்.

நம் ஊரில் சாலை என்பது வயலுக்கு நடுவில் மேடாகப் போட்ட ஒரு கரை. இந்தப் பக்கத்து வயல் தண்ணீர் அந்தப் பக்கம் வடிய வேண்டுமென்றால் சாலைக்கு அடியில் இருக்கிற சிறுபாலத்துக்கு வந்து சேர வேண்டும். அதுவரைக்கும் அது ஓடி வருவது சாலையோரப் பள்ளத்தில். பார்க்கிறவர்களுக்கு அது குப்பை கொட்டுகிற பள்ளம். ஐப்பசி கார்த்திகையில் அதுதான் நூறு ஏக்கருக்கு வடிகால். அந்த மண்டபத்துக்காரர் அறுபது அடி அகலத்துக்கு அந்தப் பள்ளத்தைக் கட்டட இடிபாடு போட்டு மூடி, அடியில் ஒரே ஒரு ஆறு அங்குல பிவிசி குழாய் வைத்திருந்தார். வீட்டுக் கழிவுநீர் போகிற குழாய் அது. சம்பா நட்டு இருபது நாள் ஆன வயல்கள் அதற்குப் பின்னால் இருக்கின்றன.

இதை நான் காகிதத்தில் படித்து எழுதவில்லை. எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். அப்பாவுக்கு இரண்டேகால் ஏக்கர். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது டெல்டாவே மிதந்தது, எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் மழை விட்டு மூன்றாம் நாள் மற்ற வயல்களில் நாற்று தலை காட்ட ஆரம்பித்துவிட்டது. எங்கள் வயலும் அதை ஒட்டிய ஏழெட்டு வயலும் மட்டும் ஒன்பது நாள் மூழ்கிக் கிடந்தன. காரணம், சாலையோரம் புதிதாக வந்திருந்த ஒரு அரிசி ஆலை. லாரி ஏறுவதற்காகப் பள்ளத்தைத் தூர்த்து மேடு போட்டிருந்தார்கள். யாரிடமும் கேட்கவில்லை. நான் அப்போது வேறு கோட்டத்தில் உதவிப் பொறியாளர். லீவு போட்டு ஊருக்குப் போனேன். அப்பா வரப்பில் நின்றுகொண்டு அழுகிய நாற்று ஒரு பிடியைப் பிடுங்கி என்னிடம் காட்டினார். நாற்றம் தாங்கவில்லை. "ஏம்ப்பா, நீ ரோடு பாக்குற ஆபீஸ்லதானே இருக்கே?" என்று மட்டும் கேட்டார். அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அடுத்த வருடமே நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். அதற்கப்புறம் எந்த அப்ரோச் ஃபைல் வந்தாலும், வரைபடத்தில் நான் முதலில் தேடுவது குழாய் எத்தனை மில்லிமீட்டர் என்பதைத்தான்.

அந்தப் பெண்ணுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

இப்போது சிலர் கேட்கப் போவது எனக்குத் தெரியும். "முதலில் கேட்டால் மட்டும் கொடுத்துவிடுவீர்களா? ஒரு என்ஓசிக்கு, ஒரு தடையில்லாச் சான்றுக்கு, ஒரு வருடம் இழுக்கிறீர்களே?" இழுக்கிறது, உண்மை. நில அளவை வரைபடம், சாலையின் எல்லைக் கல் சரிபார்ப்பு, வாய்க்கால் இருந்தால் நீர்வளத் துறையின் ஒப்புதல், நேரடி ஆய்வு, மேல் அலுவலகம் என்று போகிறது. தேசிய நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க் என்றால் ஃபைல் சென்னை வட்டார அலுவலகம் வரை போக வேண்டும். நடுவில் எங்கள் மேசையில் தூங்குகிற நாளும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் பாதி மனுக்களில் வரைபடமே இருக்காது. சாலை வளைவாக இருக்கிற இடத்தை நேராக வரைந்து கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வளைவைக் காட்டினால் அனுமதி கிடைக்காது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதைத் திருப்பி அனுப்பினால் இழுத்தடிப்பா?

வளைவு ஏன் முக்கியம் என்று ஒரு தடவையாவது பொறுமையாகக் கேளுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி நொடிக்கு 22 மீட்டர் போகிறது. எதிரே ஏதோ குறுக்கே வருகிறது என்று ஓட்டுநர் பார்த்து, மூளைக்கு ஏறி, கால் பிரேக்குக்குப் போக இரண்டரை நொடி என்று வைத்துத்தான் நாங்கள் கணக்குப் போடுகிறோம். அதற்குள்ளேயே 55 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து முழுதாக நிற்க மொத்தம் 120 மீட்டர் வேண்டும். ஆற்றங்கரையை ஒட்டிப் போகிற நம் சாலைகளில், வளைவுக்கு வளைவு புளியமரமும் பூவரசும் நிற்கிற இடத்தில், 120 மீட்டர் எங்கே தெரிகிறது? அதனால்தான் பங்க் என்றால் உள்ளே திரும்ப 70 மீட்டருக்கு வேகம் குறைக்கும் தடம், வெளியே வர 100 மீட்டருக்கு வேகம் கூட்டும் தடம் என்று கேட்கிறோம். அதனால்தான் பக்கத்தில் சிறிய சாலை இருந்தால் அதன் வழியாக வாசலை வையுங்கள் என்று கெஞ்சுகிறோம். மண்டபத்துக்காரருக்கு முன்பக்கம்தான் வேண்டும். அலங்கார வளைவு விளக்கு, வாழைமரம், வரவேற்பு பேனர் எல்லாம் பெரிய சாலையில் போகிறவர்கள் கண்ணில் பட வேண்டும்.

2022-ல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் செத்துப்போனார்கள். விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதலிடம், 64,105. எல்லாமே அப்ரோச்சால் நடந்தவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் திடீரென்று பக்கவாட்டிலிருந்து ஏறுகிற வண்டி என்னவெல்லாம் செய்யும் என்று எனக்குத் தெரியும்.

அது எப்படித் தெரியும் என்றும் சொல்லிவிடுகிறேன். இதுவரை என் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

"எதிர்ப்பக்கம் அந்தப் பெரிய ஆளுக்கு மட்டும் எப்படி அனுமதி கொடுத்தீர்கள்?" என்று கேட்கிறீர்கள் இல்லையா, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. ஏனென்றால் ஒரு தடவை நானே கொடுத்தேன். பணம் வாங்கவில்லை. பணம் வாங்காத ஆபீசரே கிடையாது என்று கமென்டில் எழுதுகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். என் வீட்டுக் கடனுக்கு இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன், அதற்கு மேல் உங்களுக்கு நிரூபிக்க எனக்குத் தெம்பில்லை. ஃபோன் வந்தது. மறுபடி வந்தது. மூன்றாவது தடவை என் மேலதிகாரி கூப்பிட்டு, "போட்டு விடுங்களேன், நமக்கு ஏன் வம்பு" என்றார். வளைவு முடிகிற இடத்தில் ஒரு மண்டபம். பார்வைத் தூரம் போதாது என்று நானே என் கையால் குறித்து வைத்திருந்த ஃபைல். அதே ஃபைலில் "பரிந்துரைக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏழு மாதம் கழித்து, விடிகாலை முகூர்த்தத்துக்கு ஆள் இறக்கிவிட்டு வெளியே வந்த வேன், பால்காரர் ஒருவரின் மொபெட் மேல் ஏறிவிட்டது. ஆய்வுக்கு நான்தான் போக வேண்டியிருந்தது. வண்டி நசுங்கிக் கிடந்தது. ஒரு பால் கேன் மட்டும் மூடி கழலாமல் சாலையோரத்தில் நேராக நின்றது. உள்ளே நாதஸ்வரம் நிற்கவில்லை. உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாது, அவர்கள் மேல் தப்பு இல்லை. அறிக்கையில் ஓட்டுநரின் கவனக்குறைவு என்று வந்தது. என் கையெழுத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

அந்தப் பால்காரர் வீட்டுக்கு நான் போகவில்லை. போயிருக்க வேண்டும்.

அதனால் ஒரு பெண் இருபது பேர் கத்தலுக்கு நடுவில் நின்று, ஃபோன் வந்தும் எடுக்காமல், மேட்டை வெட்டச் சொல்லிக் கையைக் காட்டினாரே, அதைப் பார்த்து எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? என்னால் முடியாததை அந்தப் பெண் செய்தார். அதற்கு நீங்கள் கொடுத்தது என்ன? "வீட்டில் அடுப்பூதத் தெரியாதவளெல்லாம்" என்று ஒரு கமென்ட். "இவளுக்குக் கல்யாணம் ஆகவில்லையாம், அதான் வயித்தெரிச்சல்" என்று இன்னொன்று. அதற்கு நானூறு பேர் சிரித்திருக்கிறார்கள். அந்த நானூறில் எனக்குத் தெரிந்த பெயர்கள் பதினொன்று. எண்ணிப் பார்த்தேன். இரண்டு பேர் என் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள்.

கிராமத்தில் ஒரு தொழில் வருவதைக் கெடுக்கிறோம் என்கிறார்கள். மண்டபம் வரட்டும், ஆலை வரட்டும், பங்க் வரட்டும். முதலில் கேளுங்கள், அப்புறம் கட்டுங்கள். இதில் எந்தத் தொழில் கெட்டுப்போகிறது? ஒரு வரைபடத்தோடு வந்து, பள்ளத்துக்குச் சரியான அளவில் பெட்டி வடிவத்தில் ஒரு சிறுபாலம் போட்டு, மழைத் தண்ணீர் சாலைக்கு ஓடி வராத மாதிரி சரிவை உங்கள் பக்கம் கொடுத்தால் போதும். அதற்கு ஆகிற செலவு மண்டபத்து முன்முகப்பில் ஒட்டிய கிரானைட்டுக்கு ஆனதைவிடக் குறைவு. இதை அந்தப் பெண் மனுதாரரிடம் முதல் நாளே சொல்லியிருக்கிறார். "ஒரு பொண்ணு வந்து எனக்கு கிளாஸ் எடுக்குது" என்றாராம்.

நேற்று ராத்திரி ஃபோன் செய்தேன். அழுவார் என்று நினைத்து என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். "அம்மாவுக்கு ஃபோன்ல அந்த வீடியோ வராம பாத்துக்கணும் சார், அவங்களுக்கு பிபி இருக்கு" என்றார். அப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். வெட்டிய இடத்தில் இன்னும் இடிபாடு மிச்சம் இருக்கிறதாம், அடுத்த மழைக்குள் அள்ளிவிட வேண்டுமாம், ஆள் கிடைக்கவில்லையாம். இன்று காலை ஆறேமுக்காலுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். பள்ளத்தில் தண்ணீர் செம்மண் நிறத்தில் சிறுபாலத்தைப் பார்த்து ஓடுகிறது. கூடவே "போகுது சார்" என்று ஒரு வரி.

அந்த வீடியோவை எனக்கு முதலில் அனுப்பியவன் என்னோடு ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவன். பெயர் போடவில்லை, படித்தால் அவனுக்கே தெரியும். டேய், உன் தம்பி குத்தகைக்குப் பார்க்கிற ஒன்றரை ஏக்கரும் அந்த மண்டபத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. உனக்குத் தெரியாமல் இருக்காது. நாளை காலை வண்டியை எடுத்துக்கொண்டு போய், அவன் வரப்பில் நின்று தண்ணீர் எவ்வளவு வடிந்திருக்கிறது என்று பார். வரும் வழியில் அந்தப் பதிவை எடுத்துவிடு.