டாங்க் என்றால் முதலில் குளம்தான்

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் எங்கள் பிள்ளைகள், வரைபடத்தில் மன்னார்க் கட்டுக்கரைக் குளத்துக்கு 'ஜயன்ட்ஸ் டாங்க்' என்று போட்டிருப்பதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "ராட்சதன்ட யுத்த டாங்கியோ சித்தப்பா?" என்று கேட்ட பெறாமகன் ஒருவன் எனக்கும் உண்டு. பிள்ளைகள் சிரிக்கட்டும், பரவாயில்லை. ஆனால் குளத்தை 'டாங்க்' என்பது வெள்ளைக்காரன் விட்டுப்போன அரைகுறை ஆங்கிலம், கடிதங்களில் இனி 'ரிசர்வாயர்' என்றே எழுதவேண்டும் என்று படித்தவர்கள் சிலரே சொல்கிறார்கள். அதற்குத்தான் இந்தப் பதிவு.

அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் போனது 17ஆம் நூற்றாண்டில், இந்தியாவிலிருந்து. போகும்போதே அதன் பொருள் குளம்தான். குஜராத்தியிலும் மராத்தியிலும் நீர்த்தொட்டிக்கு அதே ஒலியில் சொற்கள் இருக்கின்றன. போர்த்துக்கேய மொழியிலும் 'தாங்க்கெ' உண்டு. ஓடும் நீரை மறித்துத் தேக்குவது என்ற வினையோடு தொடர்புள்ளது. இந்த இரண்டில் எது மூலம் என்று அறிஞர்கள் இன்னும் இழுபறிப்படுகிறார்கள். வடமொழித் தடாகம் வரை கொண்டுபோகிறவர்களும் உண்டு. எனக்கு என்னவோ போர்த்துக்கேயக் கதையில்தான் ஆசை. அருவியாற்றுத் தண்ணீரைக் கட்டுக்கரைக்குத் திருப்பும் அணையின் பெயரே தேக்கம் அல்லவா! அந்த அணையை ஆங்கிலத்தில் 'அனிக்கட்' என்பார்கள். அது அப்படியே எங்கள் அணைக்கட்டு. ஆக, நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஆங்கிலத்தில் பாதி இந்தப் பக்கத்துச் சரக்கு.

சரி, அந்த இரும்பு யானைக்கு ஏன் குளத்தின் பெயர்? அது ஒரு பொய்யால் வந்தது. முதலாம் உலகப் போரில், 1915இல், பிரித்தானியர் 'தரைக் கப்பல்' என்ற பெயரில் ஒரு கவச வண்டியை இரகசியமாகச் செய்தார்கள். இங்கிலாந்தின் லிங்கன் நகரத் தொழிற்சாலையில் இவ்வளவு பெரிய இரும்புப் பெட்டி எதற்கு என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? மெசப்பத்தேமியப் பாலைவனத்துக்குத் தண்ணீர் கொண்டுபோக என்று சொன்னார்கள். முதலில் 'வாட்டர் கரியர்' என்றுதான் பெயர் வைக்கப் பார்த்தார்களாம். அதைச் சுருக்கினால் கக்கூசுக்கான 'டபிள்யூ.சி.' என்ற இரண்டு எழுத்து வருகிறது என்று கைவிட்டதாக ஒரு கதை உண்டு. கடைசியில் 'டாங்க்' என்று முடிவானது. 1916 செப்டெம்பர் 15இல், பிரான்சின் சொம் போர்முனையில் அது முதன்முதலாக இறங்கியது. இரகசியம் உடைந்த பிறகும் பொய்ப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. (பெடியள் போடும் கையில்லாத 'டாங்க் டொப்'புக்கும் போருக்கும் சம்பந்தமில்லை. அது நீச்சல் தடாகத்தில் போட்ட உடுப்பு வழி வந்த பெயர்.)

வன்னியில் எல்லா டாங்கும் இருந்தன. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை 1902இல் கட்டத் தொடங்கிய காலத்திலிருந்து அது ஆங்கிலத்தில் 'இரணைமடு டாங்க்'. யுத்த டாங்கிகளை இங்கே யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியை, போர் முடிந்த பிறகு தெற்கிலிருந்து பஸ்களில் வந்தவர்கள் நின்று படம் எடுத்துப் போனார்கள். நாங்கள் தண்ணீர் வைப்பதைத் தாங்கி என்கிறோம், சண்டைக்கு வருவதை டாங்கி என்கிறோம். 'தாங்கு' என்ற வினை ஏற்கெனவே இருந்ததால், சுமைதாங்கி போலத் தண்ணீர்த் தாங்கியும் நம்முடைய சொல்லாகவே ஆகிவிட்டது. ஒரே ஆங்கிலச் சொல்லை ஒரு எழுத்தால் இரண்டாக்கி வைத்திருக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை.

அதனால்தான் 'ரிசர்வாயர்' யோசனை எனக்கு ஒத்துவரவில்லை. 'டாங்க்' என்ற சொல் போரை நினைவுபடுத்துகிறது என்றும் சொல்கிறார்கள். அந்த வருத்தம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் தண்ணீரின் பெயரைக் களவாகப் போட்டுக்கொண்டு வந்தது வண்டிதான். முந்நூறு வருடத்துக்கு மேலாக அந்தப் பெயரில் இருந்த குளம் ஏன் விலகவேண்டும்?

ஆங்கிலத்தில் டாங்க் இருக்கட்டும். ஆனால் தமிழில் எழுதும்போதும் 'இரணைமடு டேங்க்' என்று போடுகிறவர்களோடு எனக்குத் தனிச் சண்டை இருக்கிறது. குளம், குளக்கட்டு, தண்ணீர் திறந்துவிடும் துருசு, மிகுதி நீர் வழியும் வான், அலைகரை என்று முழுக் குடும்பமும் இருக்க, இந்த ஒன்றை மட்டும் எதற்குக் கடன் வாங்கவேண்டும்? முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கத்துக் கமக்காரர் யாராவது இந்தக் குடும்பத்தில் நான் விட்ட சொற்கள் இருந்தால் கீழே எழுதுங்கள்.