மல்லிகை அல்ல, குறிஞ்சி

2018 செப்டம்பரில் மதுரையிலிருந்து வேன் பிடித்துக் குடும்பத்தோடு கொடைக்கானல் மலைக்குக் குறிஞ்சி பார்க்கப் போயிருந்தோம். மூடுபனி விலகி ஊதாச் சரிவு தெரிந்தபோதெல்லாம் வண்டிக்குள் பேச்சு நின்றது. இறங்கிய கொஞ்ச நேரத்தில் எட்டு வயது அக்கா மகள் ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு ஓடி வந்தாள். யாரும் கண்டிக்கவில்லை, நானும் கண்டிக்கவில்லை. சன்னல் கம்பியில் செருகிய அந்தக் கொத்து வத்தலக்குண்டு வருவதற்குள் துவண்டது. மணி போன்ற சின்னஞ்சிறு பூக்கள் இருக்கையில் உதிர்ந்து ஒட்டிக் கிடந்தன.

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பூத்துக் காய்த்து விதை உதிர்த்ததும் அந்தச் செடி பட்டுப்போகும் என்பதை மட்டும் நாம் பேசுவதேயில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் இலையும் தண்டுமாக நின்ற செடி, தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூத்து, அந்த விதையை நம்பியே அடுத்த தலைமுறையை விட்டுச் செல்கிறது. ஆகவே விதை முற்றும் முன் ஒடிக்கப்படும் கொத்து, 2030-இல் பூத்திருக்க வேண்டிய செடிகளையும் சேர்த்தே கொண்டுபோகிறது.

மதுரைக்காரர்களான நமக்குப் பூ என்றால் பறிப்பதும் தொடுப்பதும் சூடுவதும்தான். மல்லிகை அதற்கு இடம் கொடுக்கிறது. இன்று மொட்டைக் கிள்ளினால் நாளை வேறு மொட்டு வரும், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டும் விடியுமுன் நிறைந்துவிடும். அந்தக் கைப்பழக்கத்தை அப்படியே மலைக்குக் கொண்டுபோவதுதான் தவறு. ஏற்கெனவே வாட்டில், பைன், யூகலிப்டஸ் மரங்களை நட்டுப் புல்வெளிகளைச் சுருக்கிவிட்டோம். குறிஞ்சிக்கு மிஞ்சியிருப்பது அந்தப் புல்வெளிகளில் எஞ்சிய சரிவுகளே.

கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. குறிஞ்சிப் பருவத்துக்கு அது மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. பூக்கும் சரிவுகளுக்கு நாள்தோறும் இத்தனை பேர் என்று வரம்பு வேண்டும். நடக்கக் கயிறு கட்டிய ஒற்றைப் பாதை வேண்டும், ஏனென்றால் படம் எடுக்கச் செடிகளுக்கு நடுவே இறங்கும் கால்கள் பறிக்கும் கைகளைவிட அதிகம் அழிக்கின்றன. சொந்த வண்டிகளை அடிவாரத்திலேயே நிறுத்தி, அங்கிருந்து அரசுப் பேருந்தில் மேலே அனுப்பலாம். பாதையைக் காக்கும் வேலையையும் வழிகாட்டும் வேலையையும் மலைக் கிராமத்து மக்களுக்கே கூலியோடு கொடுக்க வேண்டும்.

2030-இல் அக்கா மகளுக்கு இருபது வயதாகும். அதே சரிவுக்கு அவளைக் கூட்டிப்போக நினைத்திருக்கிறேன். அவள் ஒடித்த இடத்தில் செடி இருக்கிறதா என்று இருவரும் பாதையில் நின்றபடியே பார்க்க வேண்டும்.