போல்ட்டில் சிக்கனம் வேண்டாம்
ஏஆர்-15 துப்பாக்கிக்கு அப்பர் (மேல் பாதி) கட்டும்போது பணத்தைப் பேரலில் (குழலில்) போட்டால் போதும், போல்ட் (தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் பாகம்) எதுவானாலும் ஓடும் என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. குறி தப்பாமல் இருக்கப் பேரல் முக்கியம்தான், சரி. ஆனால் தோட்டா வெடிக்கும் விசையைத் தாங்குவது போல்ட் முனையிலுள்ள 7 பற்கள். விரிசல் பெரும்பாலும் அங்கேயோ போல்ட்டைத் திருப்பும் கேம் பின் என்ற முளை நுழையும் துளையிலோதான் விழும். அரிசோனாவில் என்னோடு சுடப் பழகும் நண்பர் மலிவான போல்ட் கேரியர் (போல்ட்டைத் தாங்கி நகரும் பாகம்) வாங்கினார். அதன்மேல் வாயுவை வாங்கும் கேஸ் கீ என்ற குழாய்த் துண்டின் இரண்டு திருகுகளும் அசையாதபடி சுற்றியுள்ள உலோகத்தை அடித்து நெரித்திருக்க வேண்டும்; அந்தத் தடமே இல்லை. கொஞ்ச நாளில் திருகு தளர்ந்து, வாயு கசிந்து, சுட்ட தோட்டாவின் காலிக் குப்பி வெளியே விழாமல் சிக்க ஆரம்பித்தது. 9310 வகை எஃகில் செய்த போல்ட்டை நம்பலாமா என்று மேலே கேட்டவருக்கு: வெப்பப் பதம் சரியாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை, கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டும் காந்தத் துகள் சோதனை முடிந்த போல்ட்டா என்று பாருங்கள். அப்புறம், ஹெட்ஸ்பேஸ் (போல்ட் முகத்துக்கும் அறையில் தோட்டா தங்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) சரியா என்று கேஜ் வைத்துப் பார்க்காமல் சுடாதீர்கள்.