படிக்காத புத்தக அடுக்கைக் குறைக்க வேகமாகப் படிக்க வேண்டியதில்லை

ஜனவரி வந்தால் முகநூலில் இரண்டு வகைப் பதிவுகள் வரிசை கட்டும். போன ஆண்டு இத்தனை புத்தகம் படித்தேன் என்ற பட்டியல் ஒன்று. சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கியதைத் தரையில் பரப்பி எடுத்த படம் இன்னொன்று. முந்தின ஆண்டுப் படத்தில் இருந்தவற்றில் எத்தனை இந்த ஆண்டுப் பட்டியலுக்கு வந்தன என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நான் கேட்டும் பார்த்திருக்கிறேன். ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

நான் இருப்பது மொரிஷியசில், கியூர்பிப்பில். தஞ்சாவூரிலிருந்து கல்யாணமாகி வந்தவள். இங்கே நினைத்த தமிழ்ப் புத்தகத்தை நினைத்த நாளில் கடைக்குப் போய் எடுத்து வர முடியாது. ஊருக்குப் போனவர்களின் பெட்டியில்தான் வர வேண்டும். இங்கே பள்ளி ஆண்டு நவம்பர் வாக்கில் முடிந்து ஜனவரியில் திறக்கும். அந்த விடுமுறையில்தான் குடும்பம் குடும்பமாகத் தமிழ்நாட்டுக்குக் கோயில் பார்க்கவும் பட்டு எடுக்கவும் போவோம். திரும்பும் நேரமும் புத்தகக் காட்சி தொடங்கும் நேரமும் ஒன்றாக வந்து நிற்கும். புடவையையும் மசாலாப் பொடியையும் கைப்பைக்கு மாற்றிவிட்டுப் பெட்டி நிறையப் புத்தகத்தை அடுக்கிக்கொண்டு வருகிற ஆட்கள் நாங்கள்.

சென்னைக்காரர் வாங்கிக் குவிப்பதற்கும் நாங்கள் குவிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அவருக்கு அது ஆசை. எங்களுக்குப் பயம். இப்போது விட்டால் அடுத்த முறை பதிப்பில் இருக்குமோ இருக்காதோ, போகிறவர் வாங்கி வருவாரோ மாட்டாரோ என்ற பயம். பயத்தில் வாங்கிய புத்தகத்தைப் படிக்கக் கை வருவதில்லை. வாங்கியதுமே பயம் தீர்ந்துவிடுகிறதே, அப்புறம் எதற்குப் பிரிப்பது?

இதற்கு எல்லாரும் சொல்லும் வைத்தியம் 'நிறையப் படி' என்பது. சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். மெட்ரோ 2022இல் கியூர்பிப் வரை வந்தது. முதல் நிறுத்தத்தில் ஏறுவதால் எனக்கு உட்கார இடம் கிடைக்கிறது. தலைநகர் போர்ட் லூயிஸ் வரை போக வர ஒருவர் 25 பக்கம் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 240 வேலை நாள், ஆக 6000 பக்கம். 250 பக்கப் புத்தகமாக இருந்தால் 24. ஒரு நாள் விடாமல், தூங்கி வழியாமல், கைப்பேசியைப் பார்க்காமல், பக்கத்து சீட்டுக்காரர் பேச்சுக் கொடுக்காமல் இருந்தால் இந்த 24. ஒரே ஒரு பெட்டியில் முப்பது புத்தகம் வந்துவிடும். இதில் எந்த வேகத்தால் எதைக் குறைப்பது?

எண்ணிக்கை வைத்து ஓடுவதில் இன்னொரு கோளாறும் உண்டு. படித்த புத்தகங்களைக் குறித்து வைக்கும் இணையதளமான குட்ரீட்ஸ் 2007இல் வந்தது, 2013இல் அமேசான் அதை வாங்கியது. அதில் ஆண்டுச் சவால் ஒன்று இருக்கிறது. இத்தனை படிப்பேன் என்று ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால், நீங்கள் மூன்று புத்தகம் பின்தங்கியிருக்கிறீர்கள் என்று அது அவ்வப்போது இடித்துக் காட்டும். அதற்குப் பயந்து டிசம்பரில் திடீரென்று கவிதைத் தொகுப்பாகப் படிக்கிறவர்கள் எனக்குத் தெரியும். கவிதை மேல் வந்த பிரியம் இல்லை, எண்பது பக்கத்தில் முடிந்துவிடும் என்கிற பிரியம். தடித்த புத்தகங்கள் ஆண்டுக்கு ஆண்டு அலமாரியின் கீழ்த்தட்டுக்கு இறங்கிக்கொண்டே போகும்.

தமிழ்ப் புத்தகத்துக்கு இந்த எண்ணிக்கை சுத்தமாகப் பொருந்தாது என்பது வேறு. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரவாரம் கல்கியில் வந்த கதை. ஐந்து பாகம். ஒன்று என்று போடுவதா ஐந்து என்று போடுவதா? ஐந்து என்று போட்டவர் சவாலில் முந்திவிடுகிறார். திருக்குறளை நாளுக்கு ஒன்றாகப் படித்தால் 1330 நாள், மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். அதை எந்த ஆண்டுக் கணக்கில் எழுதுவது? போதாததற்கு, குட்ரீட்ஸில் ஒரே நாவலை ஒருவர் தமிழ் எழுத்திலும் இன்னொருவர் ஆங்கில எழுத்திலும், அதிலும் 'ழ'வை ஆளுக்கொரு விதமாகவும் ஏற்றி வைத்திருப்பார்கள். தன்னார்வலர்கள் யாராவது உட்கார்ந்து ஒன்றாகச் சேர்க்கும்வரை அவை தனித்தனிப் புத்தகங்கள்தான். நாடியா ஒடுனாயோ உருவாக்கிய, அதே மாதிரித் தளமான ஸ்டோரிகிராஃப் இந்த விஷயத்தில் கொஞ்சம் மனிதத்தனமாக இருக்கிறது. அரை நட்சத்திரம், கால் நட்சத்திரம்கூடப் போடலாம். பாதியில் விட்டதைப் பாதியில் விட்டது என்றே குறிக்கலாம். நான் அதிகம் மதிப்பது அந்த வசதியைத்தான்.

ஆனால் நான் நம்புவது நோட்டுப் புத்தகத்தை. பிழைப்புக்கு நான் பார்ப்பது கணக்கு வேலை. கிடங்கில் இருக்கும் சரக்கை ஆண்டு முடிவில் வயது பிரித்து எழுதுவோம்: ஆறு மாதத்துக்குள் வந்தது, ஓராண்டு ஆனது, இரண்டாண்டாக அசையாதது. அசையாத சரக்கை வாங்கிய விலைக்கே கணக்குப் புத்தகத்தில் காட்டிக்கொண்டிருக்க ஆடிட்டர் விடமாட்டார், மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்வார். என் அலமாரிக்கும் அதே கணக்குத்தான். படித்து முடித்த தேதியை நான் எழுதுவதில்லை. வந்த மாதம், ஏன் வாங்கினேன், எந்தப் பக்கத்தில் நிற்கிறது, இது யாருக்கு ஆகும், இவ்வளவுதான்.

இதில் உண்மையைக் கக்குவது 'ஏன் வாங்கினேன்'. ஒன்றுக்கு எதிரே 'அட்டைப்படம்' என்று இருக்கிறது. இன்னொன்றுக்கு 'எழுத்தாளர் கடையிலேயே உட்கார்ந்திருந்தார், வெறுங்கையோடு வர வெட்கம்'. மூன்று இடத்தில் 'எல்லாரும் பேசினார்கள்'. அந்த எல்லாரும் இப்போது வேறொரு புத்தகத்தைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஓர் அகராதிக்கு எதிரே 'வேண்டும்' என்று ஒரே சொல். இந்த அகராதிதான் வாங்கிய நாளிலிருந்து தினமும் பிரிபடுகிறது. காரணத்தை எழுதிவிட்டு ஓராண்டு கழித்துப் படித்துப் பாருங்கள். எதை அடுத்தவருக்கு அனுப்பலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று தானாகத் தெரியும், யாரிடமும் யோசனை கேட்க வேண்டாம்.

படிக்காத புத்தகங்கள் வீட்டில் இருப்பதே அழகு, அது அறிவின் அடையாளம் என்று சிலர் எழுதுகிறார்கள். உலர்ந்த ஊரில் உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்று நினைக்கிறேன். கியூர்பிப் கடல் மட்டத்திலிருந்து ஐந்நூறு மீட்டருக்கு மேலே, மேட்டு நிலத்தில் இருக்கிறது. கடற்கரைக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் பார்க்காத மொரிஷியஸ் இது. மழை, மூடுபனி, மறுபடி மழை. பளபளவென்று லாமினேஷன் போட்ட அட்டை முதல் குளிர்காலத்திலேயே வெளிப்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். பிறகு பக்க ஓரங்களில் தேயிலைச் சாயம் மாதிரிப் புள்ளிகள். அதற்குப் பிறகு பூஞ்சணம், கூடவே இராமபாணப் பூச்சி. எங்கள் வீட்டில் காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபையர் ஓடுகிறது. அதன் தொட்டியில் சேரும் தண்ணீரைத் தினம் கொட்டுகிறோம். வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் புத்தகங்களைக் காற்றாட விரித்து வைப்பேன். நேர் வெயிலில் வைக்கக் கூடாது, தாள் பழுத்துவிடும்.

பூச்சிக்கு ஒரு வழி உண்டு. புத்தகத்தைக் காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் ஒன்றிரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். நூலகங்களிலும் செய்வதுதான். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. அறையின் சூடு உள்ளே ஏறும்வரை அப்படியே விட வேண்டும், இல்லாவிட்டால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும். பூஞ்சணம் இந்தக் குளிரில் சாகாது, வளராமல் முடங்கிக் கிடக்கும், அவ்வளவுதான். மீனுக்கும் பட்டாணிக்கும் நடுவே ஒரு சிறுகதைத் தொகுப்பைப் பார்த்த என் அத்தை, "தோ பூ லிர் தூசலா?" என்றார். இதையெல்லாம் நீ படிக்கப் போகிறாயா என்று. அத்தை பேசுவது இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல். தமிழ் எழுத்து வராது, கந்த சஷ்டி கவசத்தை ரோமன் எழுத்தில் வைத்துப் படிப்பார். தினமும் படிப்பார். அவரிடம் இருக்கும் ஒரே தமிழ் நூல் ஓரம் தேய்ந்து நைந்திருக்கிறது, என்னுடையவை புதுக்கருக்கு அழியாமல் பூஞ்சணம் பிடிக்கின்றன. "இல்லை அத்தை, எல்லாம் படிக்க முடியாது" என்றேன். "அப்படியானால் கொடுத்துவிடு" என்றார். அவருக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை.

நூலகவியலாளர் ரங்கநாதனும் இதையேதான் சொன்னார். சீர்காழிக்காரர், 1892இல் பிறந்தவர். கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலகத்துக்கு அவர் வகுத்த ஐந்து விதிகள் 1931இல் புத்தகமாக வந்தன. புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பவை அடுத்த இரண்டு. நாம் எப்போதும் இரண்டாம் விதிப்படி நமக்கான புத்தகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம். புத்தகத்தின் பக்கமிருந்து பார்க்கும் மூன்றாம் விதியை வீட்டு அலமாரிக்கு யாரும் வைத்துப் பார்ப்பதில்லை.

இந்தத் தீவில் அது ரொம்பவே முக்கியம் என்பது என் கட்சி. இங்கே ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது. தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தமிழ் படிக்கலாம், கேம்பிரிட்ஜ் தேர்வு வரை எழுதலாம், மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் மேலே படிக்கலாம். ஆனால் பாடப் புத்தகத்தைத் தாண்டி ஒரு நாவலைத் தமிழில் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கு அந்த நாவல் எங்கே இருக்கிறது? யாராவது ஒருவர் வீட்டு அலமாரியில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருக்கிறது. சென்னையில் ஒருவர் ஒரு நாவலைப் படிக்காமல் வைத்திருந்தால் யாருக்கும் நட்டமில்லை, கடையில் இன்னும் நூறு பிரதி இருக்கும். இங்கே என்னிடம் இருப்பது தீவுக்கு வந்த ஒரே பிரதியாகவும் இருக்கலாம். அதைப் பத்தாண்டு பூட்டி வைத்துவிட்டு, பிள்ளைகள் தமிழ் படிப்பதில்லை என்று சங்கக் கூட்டத்தில் பேசுவது எந்த ஊர் நியாயம்? படிக்காத அடுக்கு அவரவர் சொந்த விஷயம் என்பது சென்னைக்குச் சரி, கியூர்பிப்புக்குச் சரிவராது.

கொடுப்பதற்கு மனசு வராது, தெரியும். முதலில் எளிதானதிலிருந்து தொடங்கலாம். பாரதி, பாரதிதாசன், கல்கி போன்று நாட்டுடைமை ஆனவர்களின் எழுத்தை யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பழைய தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். இவற்றின் தாள் பிரதியை விட்டால் எதுவும் கைவிட்டுப் போகாது, வேண்டும்போது திரையில் இருக்கும். கிண்டிலிலும் 2016 இறுதியிலிருந்து தமிழ் கிடைக்கிறது. மின்னூல் அடுக்கைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அதற்குப் பூஞ்சணம் பிடிக்காது, அடுத்தவர் படிப்பதையும் அது தடுக்காது.

அடுத்து, ஐம்பது பக்கம் தாண்டாமல் நிற்பவை. இவற்றைப் பாதியில் விட்டதாக எழுதிவிட்டு அனுப்ப வேண்டும். 'பிறகு படிப்பேன்' என்பது அலமாரியின் மொழி. கடைசியில்தான் கஷ்டமானவை: ஆசிரியர் கையெழுத்துப் போட்டவை, நண்பர்கள் பரிசாகத் தந்தவை. கையெழுத்து இருப்பதை வைத்துக்கொள்ளுங்கள், யாரும் திட்டமாட்டார்கள். பரிசாக வந்ததைக் கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்தவருக்குத் தாருங்கள். கொடுத்தவருக்கும் தான் கொடுத்ததே மறந்திருக்கும் என்பது என் அனுபவம்.

புயல் காலத்துக்கு மட்டும் ஒரு சின்ன இருப்பு வைத்துக்கொள்வதை நான் ஆதரிக்கிறேன். மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் பஸ் இல்லை, வேலை இல்லை, பல நேரம் கரண்டும் இல்லை, வீட்டுக்குள்தான் கிடக்க வேண்டும். தடித்த புத்தகங்கள் எனக்கு முடிவது அப்போதுதான். நெற்றியில் கட்டும் டார்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் மெழுகுவத்தியைவிட நூறு மடங்கு மேல்.

இந்த மாதம் வீட்டைவிட்டுப் போக வேண்டியவை என்று ஒரு பட்டியலைக் கீழே முதல் கருத்தில் போடுகிறேன். நாவல்கள்தான் அதிகம், சிறுவர் கதைகள் கொஞ்சம். பட்டியலில் தமிழ் ஆசிரியர்களுக்கும் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கும் முதல் உரிமை. கியூர்பிப்பிலிருந்து போர்ட் லூயிஸ் வரை எந்த மெட்ரோ நிறுத்தத்திலும் காலையில் கையில் தருகிறேன், ரோஸ் ஹில்லும் கோரமண்டலும் எனக்கு வழிதான். திருப்பித் தர வேண்டாம். ஆறு மாதமாகியும் பிரிக்கவில்லை என்றால் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு யாருக்குக் கொடுத்தீர்கள் என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், நோட்டில் குறித்துக்கொள்கிறேன். அகராதி பட்டியலில் இல்லை, தயவுசெய்து உள்பெட்டியில் வந்து கேட்காதீர்கள்.